மயில்தோகை ஒரு சாக்கா? இயற்கைத் தேர்வும் பாலியல் தேர்வும்

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது எல்லோரும் கேட்பது: பிழைத்திருக்க உதவும் பண்புகளைத்தான் இயற்கைத் தேர்வு விட்டுவைக்கும் என்றால், மயிலின் தோகை, மானின் கிளைக்கொம்பு மாதிரியான சுமைகள் எப்படி வந்தன? அதற்குப் ‘பாலியல் தேர்வு’ என்று பதில் சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. நீங்கள் உண்மையில் குடைவது அடுத்ததை. உபயோகமாக இருந்தால் இயற்கைத் தேர்வு, உபத்திரவமாக இருந்தால் பாலியல் தேர்வு என்று சொல்லிக்கொண்டே போனால் எதைத்தான் விளக்க முடியாது, இது ஓட்டையை அடைக்க வந்த சாக்கு இல்லையா என்கிறீர்கள். நியாயமான சந்தேகம். சாக்கு இல்லை என்பது என் பதில். ஆனால் இதே கோட்பாட்டில் நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது வேறு இடம். இரண்டையும் சொல்கிறேன். நான் விலங்கியல் படித்து, பறவைகளின் இனப்பெருக்க நடத்தையைப் பல வருடங்களாகக் கவனித்து, அதையே பாடமாகவும் நடத்தி வருபவன். தவளை, மீன், பூச்சி பற்றிக் கீழே வருவதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அவற்றோடு நேரடியாக வேலை செய்ததில்லை.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடலாம். இயற்கைத் தேர்வு ஆயுளை எண்ணுவதில்லை, அடுத்த தலைமுறையில் ஒருவரின் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எண்ணுகிறது. இருபது வருடம் நோய்நொடி இல்லாமல் வாழ்ந்து, ஒரு இணைகூடக் கிடைக்காமல் செத்துப்போன ஆண் பறவை, பரிணாமத்தின் பார்வையில் பிறக்காத பறவைக்குச் சமம். ஐந்தே வருடம் வாழ்ந்து பத்துக் குஞ்சுகளை விட்டுப்போனது ஜெயித்த பறவை. ஒரு கணக்குப் புத்தகம் என்று வைத்துக்கொண்டால், பசி, குளிர், நோய், எதிரி எல்லாவற்றிலும் தப்பித்தது ஒரு பத்தி; தப்பித்தபின் இணை கிடைத்ததா என்பது அடுத்த பத்தி. கடைசியில் பார்ப்பது கூட்டுத்தொகையை. இரண்டாவது பத்தியில் வரும் வேறுபாடுகளுக்குத்தான் பாலியல் தேர்வு என்று பெயர். இதை இயற்கைத் தேர்வின் ஒரு வகை என்று சொல்வதா, தனியான ஒன்றாகப் பிரிப்பதா என்று புத்தகங்கள் வேறுபடும். டார்வின் பிரித்தே வைத்தார், இன்று பலர் ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இந்தச் சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எதில் லாபம், எதில் நஷ்டம் என்று தனித்தனியாகப் பார்க்க முடிகிறதா என்பதே முக்கியம், பிரித்து எழுதினால் அது சுலபம்.

டார்வின், இயற்கைத் தேர்வை முன்வைத்த தன் 1859 நூலில், பாலியல் தேர்வுக்குச் சில பக்கங்கள்தான் ஒதுக்கினார். மறு வருடமே ஆசா கிரே என்ற தாவரவியலாளருக்கு எழுதிய கடிதத்தில், மயில் இறகைப் பார்க்கும்போதெல்லாம் தனக்குக் குமட்டுகிறது என்று புலம்பினார். அவர் இதை விரிவாக எழுதியது 1871இல். அதில் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, ஆண்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வது. மற்றது, பெண்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. முதலாவதை அந்தக் காலத்திலேயே யாரும் பெரிதாக மறுக்கவில்லை. வட யானைச் சீல்கள் என்ற கடல் பாலூட்டிகள் கூடும் கரையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. இரண்டு டன் எடையுள்ள ஆண்கள், தங்களில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இல்லாத பெண்களின் கூட்டத்துக்காக நெஞ்சோடு நெஞ்சு மோதி ரத்தம் வழியச் சண்டையிடும். ஒருசில ஆண்களே பெரும்பாலான குட்டிகளுக்குத் தகப்பனாகும். பெரும்பாலான ஆண்கள் வாழ்நாள் முழுக்க ஒரு குட்டிகூட இல்லாமல் போய்ச்சேரும். இப்படி ஒரு நிலவரத்தில் உடல் பெருக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டாவது வழிதான் தொண்டையில் சிக்கியது. இயற்கைத் தேர்வைத் தனியாகவே கண்டுபிடித்த வாலஸ்கூட இதை ஏற்கவில்லை. பெண் பறவைக்கு அழகு பார்க்கும் கண் இருக்கிறது என்பது அவருக்கு மிகையாகப் பட்டது. ஆணின் பளிச்சென்ற நிறம் உடலின் வீரியத்தால் வருகிறது, பெண்ணின் மங்கிய நிறம் கூட்டில் ஒளிந்திருக்க உதவுகிறது என்றார். பின்பாதி பல பறவைகளுக்குச் சரி. ஆனாலும் பெண்ணின் தேர்வு என்ற பேச்சு அதன்பின் நூறு வருடங்களுக்கு ஏறக்குறைய ஒதுக்கித்தான் கிடந்தது. பெண்ணுக்கு அவ்வளவு அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொள்ள அன்றைய ஆண் அறிஞர்களுக்குத் தயக்கம் இருந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இதை நிரூபிக்க முடியாது.

சரி, சாக்கா இல்லையா என்று எப்படிச் சோதிப்பது? கத்தரிக்கோலும் பசையும் எடுத்துக்கொண்டு. 1982இல் வெளியான ஆய்வில் மால்ட்டே ஆண்டர்சன் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் கென்யாவின் புல்வெளிகளில் நீண்டவால் விடோபேர்ட் என்ற பறவையை வைத்துச் செய்தது அதுதான். உடம்பு சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, ஆணின் வாலோ அரை மீட்டர். 36 ஆண்களைப் பிடித்தார். சிலவற்றின் வாலை 14 செ.மீ. அளவுக்குக் கத்தரித்தார். கத்தரித்த துண்டை வேறு ஆண்களின் வாலில் ஒட்டி சுமார் 25 செ.மீ. நீட்டினார். இன்னும் சிலவற்றின் வாலை வெட்டி அதே நீளத்துக்குத் திரும்ப ஒட்டினார், வெட்டியதும் ஒட்டியதுமே பறவையை மாற்றிவிடுகிறதா என்று பார்க்க. சிலவற்றைத் தொடவே இல்லை. அதன்பின் ஒவ்வொரு ஆணின் எல்லைக்குள்ளும் பெண்கள் புதிதாகக் கட்டிய கூடுகளை எண்ணினார். வால் நீண்டவற்றின் எல்லைகளில்தான் அதிகக் கூடுகள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம், பலர் சொல்லாமல் விடுவது: வால் குட்டையான ஆண்கள் தங்கள் எல்லையை இழக்கவில்லை, மற்ற ஆண்களை விரட்டும் வேலையை வழக்கம்போல் செய்தன. ஆக, வால் ஆண்களை மிரட்டும் கருவி இல்லை. பெண்களின் கண்ணுக்காகத்தான் அது. இயற்கையில் எந்த ஆணுக்கும் இல்லாத நீளத்தை ஒட்டினாலும் பெண்கள் அதையே விரும்பின என்பதையும் கவனியுங்கள். அப்படியென்றால் வாலை அந்த அரை மீட்டரில் நிறுத்தி வைத்திருப்பது பெண்களின் ரசனை இல்லை, வேறு ஏதோ ஒன்று.

அந்த ‘வேறு ஏதோ ஒன்றை’ நேராகப் பிடித்துக் காட்டியது கப்பி மீன். டிரினிடாட் தீவின் ஓடைகளில் வாழும் இந்தச் சின்ன மீனில் ஆணுக்கு உடம்பெல்லாம் நிறப்புள்ளிகள், பெண்ணுக்கு இல்லை. ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஓடையின் கீழ்ப்பகுதியில், கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் இருக்கும் இடத்தில், ஆண்கள் மங்கலாக இருக்கின்றன. அருவிக்கு மேலே, அந்தப் பெரிய மீன்கள் ஏறிவர முடியாத இடத்தில், அதே இனத்தின் ஆண்கள் பளபளக்கின்றன. இதோடு விட்டிருந்தால் ‘தண்ணீர் வேறு, உணவு வேறு’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் பசுமைக்குடிலுக்குள் குளங்கள் கட்டி, கப்பிகளைக் கலந்து விட்டு, சில குளங்களில் ஆபத்தான மீனைப் போட்டார், சிலவற்றில் ஒன்றும் போடவில்லை. எதிரி இல்லாத குளத்தில் தலைமுறைக்குத் தலைமுறை புள்ளிகள் கூடின. எதிரி இருந்த குளத்தில் குறைந்தன. கீழ் ஓடையின் மங்கல் மீன்களை ஆபத்தில்லாத ஓடைக்கு மாற்றியபோது இரண்டே வருடங்களுக்குள் அவற்றின் சந்ததி பளிச்சென்று ஆகிவிட்டது. 1980இல் வெளியான ஆய்வு இது. உங்கள் சந்தேகத்துக்கு நேரான பதிலும் இதுவே. சாக்கு என்றால் எந்த முடிவு வந்தாலும் பொருந்திப்போகும். இங்கே எதிரியை எடுத்தால் நிறம் கூட வேண்டும், போட்டால் குறைய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம். மாறி நடந்திருந்தால் கோட்பாட்டுக்கு அடி விழுந்திருக்கும்.

முன்பு சொன்ன கணக்குப் புத்தகத்தின் இரண்டு பத்திகளும் ஒரே நேரத்தில் எழுதப்படுவதைக் காதாலேயே கேட்க வேண்டுமானால் மத்திய அமெரிக்காவின் துங்காரா தவளை. ஆண் குட்டையில் மிதந்துகொண்டு முதலில் கீழிறங்கும் ஒரு நீண்ட சிணுங்கல் ஒலி எழுப்பும். விருப்பப்பட்டால் அந்த ஒலியின் முடிவில் ‘சக், சக்’ என்று ஒன்றிரண்டு ஒலிகளைச் சேர்க்கும். சேர்த்தால் பெண்கள் அதிகம் வருகின்றன. தவளை தின்னும் வௌவாலும் அதிகம் வருகிறது, இருட்டில் ஆளைக் கண்டுபிடிக்க அந்தச் ‘சக்’ அதற்கும் வசதி. மெர்லின் டட்டில், மைக்கேல் ரயன் ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் இதைக் காட்டினார்கள். தனியாக இருக்கும் ஆண் பெரும்பாலும் வெறும் சிணுங்கலோடு நிறுத்திக்கொள்ளும். பக்கத்தில் போட்டிக்கு ஆள் சேர்ந்ததும்தான் ஆபத்தான பாட்டு வெளியே வரும்.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற தீவின் சுவர்க்கோழிகளுக்கு நடந்தது இன்னும் கடுமை. ஆண் சிறகுகளை உரசிப் பாடிப் பெண்ணை அழைக்கும். அந்தப் பாட்டைக் கேட்டு ஒரு ஒட்டுண்ணி ஈ வந்து ஆணின்மேல் தன் புழுக்களை விடும். புழுக்கள் உள்ளே நுழைந்து தின்று வளர்ந்து வெளியேறும்போது சுவர்க்கோழி செத்துப்போகும். 2006இல் மார்லின் ஸுக்கும் அவரது சகாக்களும் அறிவித்தது: அங்கே இருபது தலைமுறைக்கும் குறைவான காலத்தில் ஆண்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஊமையாகிவிட்டன. சிறகில் உரசும் அமைப்பையே தட்டையாக்கும் ஒரு மரபுமாற்றம் பரவிவிட்டது. அப்புறம் இணை எப்படிக் கிடைக்கும் என்றால், மிச்சமிருக்கும் ஒருசில பாடகர்களின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பாட்டைத் தேடிவரும் பெண்ணை வழியிலேயே மடக்குகின்றன.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. பெண்கள் தேர்ந்தெடுக்கின்றன, அந்தத் தேர்வு ஆண்களின் உருவத்தையும் ஒலியையும் மாற்றுகிறது, உயிராபத்து ஒரு எல்லையில் அதை நிறுத்துகிறது. சந்தேகம் தொடங்குவது அடுத்த படியில்: பெண் ஏன் அதை விரும்புகிறது?

சில இனங்களில் பதில் எளிது, கைமேல் பலன். தூக்கணாங்குருவியில் ஆண் கூட்டைப் பாதிவரை, தலைக்கவசம் கவிழ்த்தது போன்ற வடிவம் வரும்வரை, பின்னிவிட்டு அதில் தொங்கிக்கொண்டு சிறகடிக்கும். பெண் வந்து உள்ளே ஏறி, நாரை அலகால் இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், ஆண் மீதிக் கூட்டை முடிக்கும். பிடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருக்கும்; யாருக்கும் பிடிக்காத பாதிக் கூடுகள் கிளையில் அப்படியே காய்ந்து தொங்கும். பின்னல் நேர்த்தியைவிடக் கூடு எங்கே தொங்குகிறது என்பதற்குப் பெண்கள் அதிக மதிப்புத் தருகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த மரம், எவ்வளவு உயரம் என்பதில்தானே குஞ்சுகளின் உயிர் இருக்கிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை.

ஆண் விந்தணுவைத் தவிர வேறு எதுவும் தராத இனங்களில்தான் சிக்கல். மயில் அதில் ஒன்று: கூடு கட்டாது, அடைகாக்காது, குஞ்சைத் திரும்பியும் பார்க்காது. இங்கே மூன்று நான்கு விளக்கங்கள் போட்டி போடுகின்றன. ரொனால்டு ஃபிஷர் 1915லும் பிறகு 1930லும் சொன்னது: நீண்ட வாலை விரும்பும் பெண்ணுக்கு நீண்ட வால் மகன்கள் பிறப்பார்கள், அந்த மகன்களை மற்றப் பெண்கள் விரும்புவார்கள், ஆக விருப்பமும் வாலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடும், வேறு எந்தக் காரணமும் தேவையில்லை. அமோட்ஸ் ஸஹாவி 1975இல் சொன்னது இதற்கு நேரெதிர்: இவ்வளவு சுமையோடும் உயிரோடு இருக்கிறான் என்றால் சரக்கு உள்ளவன் என்று பெண் தெரிந்துகொள்கிறாள். பலர் சிரித்தார்கள், 1990இல் ஆலன் கிராஃபன் இது சாத்தியம்தான் என்று கணிதத்தில் காட்டியபின் சிரிப்பு அடங்கியது. வில்லியம் ஹாமில்டனும் முன்பு சொன்ன மார்லின் ஸுக்கும் 1982இல், பளிச்சென்ற இறகு ஒட்டுண்ணி இல்லாத உடம்புக்கு அடையாளம் என்றார்கள். கடைசியாக, விருப்பம் முன்னமே பெண்ணின் புலன்களில் இருந்தது, ஆண் பிறகுதான் அதைப் பயன்படுத்திக்கொண்டான் என்ற யோசனை. துங்காராவின் உறவுக்காரத் தவளை இனம் ஒன்றில் ஆண்களுக்குச் ‘சக்’ ஒலியே கிடையாது. ஆனால் அதை ஒலிபெருக்கியில் சேர்த்துப் போட்டால் அந்த இனத்துப் பெண்களும் அதை நோக்கியே போகின்றன.

இவற்றில் எது சரி? கணிதத்தில் எல்லாமே நடக்கக்கூடியவை, ஒன்று நடந்தால் மற்றது நடக்கக்கூடாது என்றும் இல்லை. ஒரு குறிப்பிட்ட இனத்தில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம். ஒட்டுண்ணி யோசனைக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. ஆவணப்படங்களில் ‘ஆரோக்கியமான ஆணைத் தேர்ந்தெடுக்கிறது’ என்று குரல் கொடுப்பவர் உறுதியாகச் சொல்லும்போது, நீங்கள் ‘சாக்கு’ என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். ஆணின் ஆரோக்கியத்தை யாராவது அளந்தார்களா?

மயிலையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பாடப்புத்தகத்தின் முகப்பு மாதிரியே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. நாம் தோகை என்று சொல்வது வால் இறகுகள்கூட இல்லை, வாலுக்கு மேலே முளைக்கும் மூடு இறகுகள். ஆடும்போது கிட்டத்தில் பார்த்தால், ஆண் பல நேரம் முதலில் முதுகைத்தான் காட்டும், பழுப்புச் சிறகுகளைப் படபடத்தபடி. பெண் நெருங்கியதும் சட்டென்று திரும்பித் தோகையை அதிர வைக்கும், நொடிக்கு 25 தடவை அளவில். இறகின் இழைகள் மினுங்கி நடுங்க, தோகையின் ‘கண்கள்’ எனப்படும் வட்டப் புள்ளிகள் மட்டும் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். பெண்ணோ கீழே எதையோ கொத்திக்கொண்டிருக்கும். மரியான் பெட்ரி இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் 1990களில் செய்த ஆய்வுகளில், தோகையில் கண்கள் அதிகமுள்ள ஆண்களுக்கு இணைகள் அதிகம் கிடைத்தன, தோகை சிறந்த ஆண்களின் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன. எல்லோரும் கைதட்டினோம். 2008இல் ஜப்பானில் தகஹாஷி குழு ஏழு ஆண்டுகள் பார்த்துவிட்டு அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை என்றது. தோகைக் கண்களைக் கணிசமாகக் கத்தரித்து எடுத்தால் ஆணின் மவுசு குறைகிறது என்பது நிற்கிறது. ஆனால் இயல்பாக ஆண்களுக்கிடையே உள்ள சிறு வித்தியாசத்தைப் பெண் எண்ணிப் பார்க்கிறதா என்பது தெளிவில்லை. பெண் மயிலின் கண் போகும் திசையைக் கருவி மாட்டிப் பதிவு செய்தபோது அது அதிகம் பார்த்தது தோகையின் கீழ்ப்பகுதியை. அதைவிட முக்கியமாக, தோகை பெரும் சுமை என்பதே சரியாக நிரூபணமாகவில்லை: 2014இல் கிரஹாம் ஆஸ்க்யூ தோகையோடும் தோகையை நீக்கியும் மயில்கள் மேலெழும்புவதைப் படம்பிடித்து அளந்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த இறகுகள் உதிர்ந்தும்விடுகின்றன. வருடா வருடம் மறுபடி வளர்க்க ஆகும் செலவு ஒருவேளை பெரியதாக இருக்கலாம். ஆகவே உங்கள் கேள்வி தொடங்கிய உதாரணத்தைவிடக் கப்பியும் சுவர்க்கோழியும் எவ்வளவோ பலமானவை.

ஏன் பெரும்பாலும் ஆணே ஆடுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். முட்டைக்கும் வளர்ப்புக்கும் அதிகம் செலவிடும் பாலினம் அவசரப்படாது, குறைவாகச் செலவிடும் பாலினம் போட்டியிடும் என்று ராபர்ட் டிரிவர்ஸ் 1972இல் சொன்னது இன்றும் நல்ல தொடக்கப்புள்ளி. இலைக்கோழிகள் என்ற நீர்ப்பறவைகளில் ஆண்தான் அடைகாத்துக் குஞ்சைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே பெண் உருவத்தில் பெரிது, பெண்களே எல்லைக்காகச் சண்டையிடுகின்றன. விதிவிலக்கே விதியைத் தாங்கிப்பிடிக்கிறது. ஆனால் இதற்கு அடித்தளமாகக் காட்டப்பட்ட, பேட்மன் 1948இல் பழ ஈக்களில் செய்த பரிசோதனையை 2012இல் பாட்ரிசியா கோவாட்டி குழு திரும்பச் செய்து, யார் யாருடைய பிள்ளை என்று அவர் கண்டுபிடித்த முறையே கணக்கைச் சாய்க்கிறது என்று காட்டியது. கருத்து மற்ற ஆதாரங்களில் நிற்கிறது. அந்தச் சோதனை மட்டும் நிற்கவில்லை.

பாலியல் தேர்வு இனத்துக்கு நல்லதா என்ற உங்கள் துணைக்கேள்விக்கு: அது இனத்தைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. பயறு வண்டில் ஆணின் உறுப்பில் முட்கள் உண்டு, அவை பெண்ணின் உள்ளே காயப்படுத்தும். சில ஊசித்தட்டான்களில் ஆண் தன் விந்தை வைப்பதற்கு முன்னால் முந்தையவனுடையதைச் சுரண்டி வெளியேற்றும். ஒரு பக்கம் இப்படி. மறுபக்கம், மாவு வண்டுகளில் பல தலைமுறைகளுக்கு ஆண்களுக்கிடையே கடும் போட்டி வைத்து வளர்த்த கூட்டங்கள், நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனச்சேர்க்கை செய்ய வேண்டிய நெருக்கடி வந்தபோது மற்றவற்றைவிட அதிகக் காலம் அழியாமல் தாக்குப்பிடித்தன என்று 2015இல் ஒரு ஆய்வு வந்தது. போட்டி கெட்ட மரபணுக்களை வடிகட்டியிருக்கலாம். ஆக, பொதுவாக நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் சொல்ல ஆளில்லை.

மனிதர்களைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். கொரில்லாவில் ஆணின் எடை பெண்ணைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு, ஒரு ஆணுக்குப் பல பெண்கள்; ஜோடியாக வாழும் கிப்பனில் இருபாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மனிதன் இடையில், கிப்பன் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறான். ஆண்களின் மேலுடம்புத் தசையில் மட்டும் வித்தியாசம் உடல் எடையில் உள்ளதைவிடத் தூக்கலாகத் தெரிகிறது. நம் முன்னோர்களில் ஆண்களுக்கிடையே ஓரளவு போட்டி இருந்திருக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். நகைச்சுவை, இசை, மொழி எல்லாமே இணையைக் கவர வந்தவை என்று எழுதப்படுவதைப் படித்தால், கப்பிக்குச் செய்ததைப் போன்ற சோதனை எது என்று கேளுங்கள். குளம் கட்டி மனிதர்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்க்க முடியாது. அந்த இடத்தில் உங்கள் ‘சாக்கு’ என்ற சொல் பொருந்தும்.